அணு நிறையை வைத்து அணுக்கரு நிலைக்குமா என்று கண்டுபிடிப்பது எப்படி

கனமானது சிதையும், லேசானது நிலைக்கும். இந்த எண்ணத்தோடுதான் பெரும்பாலானவர்கள் அணுக்கரு இயற்பியலுக்குள் வருகிறார்கள். யுரேனியம், ரேடியம் எல்லாம் தனிம வரிசை அட்டவணையின் கடைசிப் பக்கம் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஹைட்ரஜனின் ஐசோடோப்பான (அதே புரோட்டான் எண்ணிக்கை, வேறு நியூட்ரான் எண்ணிக்கை) டிரிட்டியத்தைப் பாருங்கள், நிறை எண் வெறும் 3, ஆனாலும் 12.3 ஆண்டுகளில் பாதி காணாமல் போய்விடுகிறது. அதைவிடக் கிட்டத்தட்ட எழுபது மடங்கு கனமான காரீயம்-208 சிதைந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அப்படியென்றால் நிறைக்கும் நிலைத்தன்மைக்கும் சம்பந்தமே இல்லையா? ரொம்ப நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அணுக்கரு மொத்தம் எவ்வளவு கனம் என்று கேட்டால்தான் ஒன்றும் கிடைக்காது. அது மாறிப்போகக்கூடிய வேறு வடிவங்களைவிட எவ்வளவு கூடக் கனம் என்று கேட்க வேண்டும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் மூன்றாவது நான்காவது தசமத்தில், சில சமயம் ஐந்தாவதில் ஒளிந்திருக்கும். கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டல் கழித்தலைத் தாண்டி ஒரே ஒரு பெருக்கல்தான்.

முதலில் சரியான எண்ணை எடுங்கள்

ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று எண்கள் உண்டு. நிறை எண் என்பது புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் தலை எண்ணிச் சொல்வது, எப்போதும் முழு எண். அணு நிறை என்பது ஒரே ஒரு ஐசோடோப்பின் அணுவை அளந்து பார்த்த நிறை. இதை அணு நிறை அலகில் சொல்வார்கள். கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று 1961 முதல் வழக்கத்தில் இருக்கும் அலகு அது. மூன்றாவது, அட்டவணையில் தனிமத்தின் பெயருக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண். அது இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் சராசரி. வேதியியலுக்கு அது போதும், நமக்கு உதவாது.

எப்படி உதவாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது குளோரின்-35க்கு, அட்டவணையைப் பார்த்து 35.45 என்று எடுத்தேன். 17 ஹைட்ரஜன் அணுக்களும் 18 நியூட்ரான்களும் சேர்ந்தால் 35.288995. அதிலிருந்து 35.45ஐக் கழித்தால் மைனஸ் 0.161. அதாவது துண்டுகளைவிடச் சேர்ந்த அணு கனம், அப்படி ஒரு அணுக்கரு ஒரு கணம்கூடச் சேர்ந்திருக்க முடியாது! சாப்பாட்டு உப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதியாக இருக்கிற ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்று நிரூபித்துவிட்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் அரை மணி நேரம் முழித்தேன். 35.45 என்பது குளோரின்-35, குளோரின்-37 இரண்டும் சுமார் 76க்கு 24 என்ற விகிதத்தில் கலந்த சராசரி. குளோரின்-35 அணுவின் உண்மையான நிறை 34.968853. இதைப் போட்டால் 0.320142 அலகு மிச்சம் வரும், உப்பும் திரும்ப வந்துவிடும்.

டெக்னீசியம், பொலோனியம் போன்றவற்றுக்கு அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் ஒரு முழு எண் இருக்கும். நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாததால், இருப்பவற்றில் நீண்ட ஆயுள் கொண்டதன் நிறை எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதையும் கணக்கில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரியான எண்களுக்கு அணு நிறை மதிப்பீட்டு அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 2020 பதிப்பு இணையத்தில் இலவசம். சர்வதேச அணுசக்தி முகமையின் இணைய வரைபடத்தில் ஐசோடோப்பைச் சொடுக்கினாலும் கிடைக்கும். இரண்டிலும் அணு நிறையோடு, அணு நிறையிலிருந்து நிறை எண்ணைக் கழித்து வரும் வித்தியாசத்தையும் ஆற்றல் அலகில் ஒரு பத்தியாகப் போட்டிருப்பார்கள். இரும்பு-56க்கு அது சுமார் மைனஸ் 60,600 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நிறை எப்படி மைனஸில் வரும் என்று பதற வேண்டாம், 56ஐவிட அவ்வளவு குறைவு என்றுதான் அர்த்தம். எண்களை எடுக்கும்போது ஆறு தசமம் எடுங்கள். மூன்றோடு நிறுத்தினால் பின்னால் வரப்போகும் சில உதாரணங்களில் வித்தியாசம் பூஜ்யம் என்றோ தப்பாகவோ வந்துவிடும்.

நிறைக் குறைபாடு

இந்தக் கணக்குக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டியவை மூன்றே எண்கள்: ஹைட்ரஜன் அணு 1.007825, நியூட்ரான் 1.008665, ஓர் அலகுக்கு ஈடான ஆற்றல் 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி என்றே எழுதுகிறேன்).

புரோட்டானின் நிறையை விட்டுவிட்டு ஹைட்ரஜன் அணுவை ஏன் எடுக்கிறோம் என்று கேட்பீர்கள். அட்டவணையில் இருப்பது எலக்ட்ரான்களோடு சேர்ந்த முழு அணுவின் நிறை. துண்டுகளின் பக்கமும் புரோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான் சேர்த்து எடுத்தால் இரு பக்கமும் அடிபட்டுப் போகும், தனியாகக் கழிக்கிற தொல்லை இல்லை.

ஹீலியம்-4ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு ஹைட்ரஜன் 2.015650, இரண்டு நியூட்ரான் 2.017330, கூட்டினால் 4.032980. அளந்த நிறை 4.002603. குறைவது 0.030377 அலகு. இதற்குத்தான் நிறைக் குறைபாடு என்று பெயர். 931.494ஆல் பெருக்கினால் 28.3 எம்இவி, நான்கு நியூக்ளியான்களுக்குப் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப் பெயர்) பங்கு போட்டால் ஆளுக்கு 7.07.

குறைந்த நிறை எங்கே போயிற்று? துண்டுகள் சேரும்போதே ஆற்றலாக வெளியேறிவிட்டது, ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்லும் கணக்குப்படி. திரும்பப் பிரிக்க வேண்டுமானால் அதே 28.3 எம்இவியை நாம் கொடுக்க வேண்டும், அதனால்தான் அதைப் பிணைப்பு ஆற்றல் என்கிறோம். வேதிப் பிணைப்பு ஒன்றை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் போதும். இங்கே கோடிக்கணக்கில் கேட்கிறது. பிரான்சிஸ் ஆஸ்டன் 1919இல் நிறை நிரல்வரைவியை உருவாக்கி அணுக்களின் நிறையை அளக்க ஆரம்பித்தார். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்ததைவிட ஒரு ஹீலியம் லேசாக இருக்கிறது என்ற செய்தியை வைத்து, சூரியன் எரிவது இதனால்தான் இருக்க வேண்டும் என்று ஆர்தர் எடிங்டன் 1920இலேயே சொல்லிவிட்டார். நியூட்ரானைக் கண்டுபிடித்ததே 1932இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரும்பு-56க்கு (55.934936) இதே கணக்கைப் போட்டால் ஆளுக்கு 8.79 எம்இவி வரும். யுரேனியம்-238க்கு (238.050788) 7.57. வரைபடமாகப் போட்டால் லேசான பக்கத்திலிருந்து விறுவிறுவென ஏறி, இரும்பு, நிக்கல் பக்கம் உச்சிக்கு வந்து, பிறகு மெதுவாக இறங்கும். அணுக்கரு விசை பக்கத்தில் இருப்பவரை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும், ஆனால் புரோட்டான்களின் மின் விலக்கமோ ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளுவது, கூட்டம் பெருகப் பெருகத் தள்ளுமுள்ளு கூடிக்கொண்டே போகும். இறக்கத்துக்குக் காரணம் அதுதான். உச்சியில் இருப்பது இரும்பு-56 என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். துல்லியமாகச் சொன்னால் நிக்கல்-62தான், 8.795 எம்இவி. நியூக்ளியானுக்கு மிகக் குறைந்த நிறை என்று கேட்டால் அது இரும்பு-56. இரண்டும் வேறு வேறு கேள்விகள், நியூட்ரான் கொஞ்சம் கனம் என்பதால் விடையும் வேறாகிறது.

இங்கேதான் வழுக்கும்

பிணைப்பு ஆற்றல் கூட என்றால் நிலையானது, குறைவு என்றால் நிலையற்றது என்று இந்த வரைபடத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடத் தோன்றும். பாடப்புத்தகங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் விட்டுவிடுகின்றன. இரண்டு உதாரணங்களில் அந்த முடிவு உடைந்துவிடும்.

பெரிலியம்-8இன் நிறை 8.005305. பிணைப்பு ஆற்றல் ஆளுக்கு 7.06 எம்இவி வரும். லித்தியம்-7க்கு வெறும் 5.61தான். லித்தியம்-7 காலகாலத்துக்கும் இருக்கும். பெரிலியம்-8இன் அரை ஆயுட்காலம் (பாதி சிதைய ஆகும் நேரம்) சுமார் 10இன் மைனஸ் 16 அடுக்கு நொடி, அதாவது பிறந்ததும் போய்விடும். ஏன்? இரண்டு ஹீலியம்-4இன் நிறை 8.005206. பெரிலியம்-8 அதைவிட 0.000099 அலகு, அதாவது 0.09 எம்இவி கூடக் கனம். அவ்வளவுதான் வித்தியாசம், அது போதும் உடைந்துபோக. லித்தியம்-7க்கோ உடைந்து போய்ச் சேர லேசான இடம் எதுவும் இல்லை. நட்சத்திரங்களுக்குள் ஹீலியத்திலிருந்து கார்பன் உருவாவது அவ்வளவு சிரமமான வேலையாக இருப்பதற்கும் இந்த நாலாவது தசம வித்தியாசம்தான் காரணம். நடுவில் இருக்கிற படிக்கட்டு கால் வைத்ததுமே நொறுங்குகிறது.

அடுத்தது டிரிட்டியம். மொத்தப் பிணைப்பு ஆற்றல் 8.48 எம்இவி. ஹீலியம்-3க்கு 7.72தான். அப்படியும் டிரிட்டியம்தான் ஹீலியம்-3ஆக மாறுகிறது, இறுக்கமானது தளர்வானதாக! நிறையைப் பாருங்கள், புரிந்துவிடும்: 3.016049க்கு எதிரே 3.016029. ஒரு நியூட்ரான் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் மாறும்போது 0.78 எம்இவி மிச்சமாகிறது, பிணைப்பில் இழப்பது 0.76தான். இந்த 0.0186 எம்இவி லாபத்துக்காக டிரிட்டியம் சிதைகிறது.

ஆகவே பிணைப்பு ஆற்றலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முழு நிறையை முழு நிறையோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும் முறை

கையில் இருக்கும் அணுவை இடப்பக்கம் எழுதுங்கள். அது சிதைந்தால் என்னவாகுமோ அந்தப் பொருட்களையெல்லாம் வலப்பக்கம் எழுதிக் கூட்டுங்கள். இடப்பக்கம் கனமாக இருந்தால் அந்த வழி திறந்திருக்கிறது, வலப்பக்கம் கனமாக இருந்தால் மூடியிருக்கிறது. மிஞ்சும் ஆற்றலுக்கு க்யூ மதிப்பு என்று பெயர். இதில் புரிந்துகொள்ளக் கடினமாக எதுவும் இல்லை, வழி ஒவ்வொன்றையும் விடாமல் பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும்.

ஆல்பா சிதைவுக்கு, அதாவது ஒரு ஹீலியம்-4 அணுக்கரு (ஆல்பா துகள்) வெளியேறுவதற்கு, யுரேனியம்-238. வலப்பக்கம் தோரியம்-234 (234.043601), ஹீலியம்-4 (4.002603), கூட்டினால் 238.046204. இடப்பக்கம் 0.004584 அலகு கனம், 4.27 எம்இவி. வழி திறந்திருக்கிறது. அதே யுரேனியம் ஒரு நியூட்ரானை மட்டும் உதிர்க்குமா என்று பார்த்தால் யுரேனியம்-237 (237.048730), நியூட்ரான் 1.008665, கூட்டினால் 238.057395, மூடியிருக்கிறது. ஹீலியம்-4 தானே இறுக்கமாகக் கட்டிய மூட்டை, வெளியே போகும்போது அந்த 28.3 எம்இவி லாபமாகக் கணக்கில் சேர்கிறது. கனமான அணுக்கருக்கள் தனி நியூட்ரானையோ புரோட்டானையோ விடாமல் ஆல்பாவை விடுவது இதனால்தான்.

பீட்டா சிதைவில் நிறை எண் மாறாது, அணு எண் ஒன்று ஏறும் அல்லது இறங்கும். எலக்ட்ரான் வெளிவரும் பீட்டா மைனஸுக்கு அணு நிறைகளை நேராகக் கழித்தால் போதும். அணுக்கரு தன் சொந்த எலக்ட்ரானையே விழுங்கும் எலக்ட்ரான் கவர்தலுக்கும் அதே. பாசிட்ரான் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) வெளிவரும் பீட்டா பிளஸுக்கு மட்டும் ஒரு வரி கட்ட வேண்டும். எலக்ட்ரான் கணக்கு அங்கே அடிபடாது, இரண்டு எலக்ட்ரான் நிறை, அதாவது 1.022 எம்இவி, கூடுதலாகத் தேவை. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

பெரிலியம்-7இன் நிறை 7.016929, லித்தியம்-7இன் நிறை 7.016003. வித்தியாசம் 0.86 எம்இவி. சிதைய முடியும், ஆனால் 1.022க்குக் குறைவு என்பதால் பாசிட்ரான் வர வழியே இல்லை. எலக்ட்ரானைக் கவர்ந்துதான் சிதைய வேண்டும், அப்படியே 53 நாள் அரை ஆயுட்காலத்தோடு சிதைகிறது. கவர எலக்ட்ரானே கிடைக்காதபடி எல்லா எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டால் அந்த அணுக்கருவால் சிதைய முடியாது.

இப்போது பொட்டாசியம்-40. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் ஒரே நிறை எண்ணில் மூன்று பேர் அருகருகே நிற்கிறார்கள்: ஆர்கான்-40 (39.962383), பொட்டாசியம்-40 (39.963998), கால்சியம்-40 (39.962591). நடுவில் இருப்பவர்தான் மூவரில் கனமானவர். கால்சியம் பக்கம் 1.31 எம்இவி இறக்கம், ஆர்கான் பக்கம் 1.50. இரண்டு பக்கமும் சரிவு, ஆகவே இரண்டு பக்கமும் உருள்கிறது: சுமார் 89 சதவீதம் கால்சியமாக, மீதி ஆர்கானாக. அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். பாறையின் வயதைக் கணிக்க இந்த ஆர்கான்தான் கைகொடுக்கிறது.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். கால்சியம்-40 ஆர்கான்-40ஐவிட 0.000208 அலகு கனம். அப்படியானால் அதுவும் ஆர்கானாக வேண்டாமா? நேராகப் போக முடியாது, நடுவில் பொட்டாசியம் மேடாக நிற்கிறது. ஒரே தாவலில் இரண்டு எலக்ட்ரான்களைக் கவர்ந்தால் போகலாம், கணக்கு அனுமதிக்கிறது, ஆனால் இதுவரை அப்படி நடந்து யாரும் கண்டதில்லை.

பொட்டாசியம் ஏன் மேடாக நிற்கிறது? அதில் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டும் ஒற்றைப்படை. நியூக்ளியான்கள் ஜோடி சேர்ந்தால் நிறை கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் ஜோடியில்லாமல் ஒன்று மிஞ்சினால் அந்தக் குறைவு கிடைக்காது. அதனால்தான் இரண்டும் ஒற்றைப்படையாக இருந்து நிலையானவை மிகச் சொற்பம்: டியூட்டீரியம், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14. கூடவே கிளர்வு நிலையிலேயே (கூடுதல் ஆற்றலோடு) நின்றுவிட்ட டான்டலம்-180. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களில் புரோட்டானோ நியூட்ரானோ அமைந்தாலும் நிறை எதிர்பார்த்ததைவிட இறங்கும். 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு 10 நிலையான ஐசோடோப்புகள் இருப்பது இதன் விளைவு.

நீங்களே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். செம்பு-64 63.929764, துத்தநாகம்-64 63.929142, நிக்கல்-64 63.927966. செம்பிலிருந்து எத்தனை வழி திறந்திருக்கிறது? துத்தநாகம் பக்கம் 0.58 எம்இவி, சரி. நிக்கல் பக்கம் 1.67, அதில் 1.022ஐக் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது, அதனால் கவர்தலும் பாசிட்ரானும் இரண்டுமே உண்டு. ஒரே அணுக்கருவுக்கு மூன்று வழி, அரை ஆயுட்காலம் 12.7 மணி நேரம்.

எவ்வளவு நேரம் ஆகும்

வழி திறந்திருக்கிறதா என்று நிறை சொல்லும். எப்போது போகும் என்பதை அது மட்டும் சொல்லாது, ஆனால் நல்ல துப்புக் கொடுக்கும், குறிப்பாக ஆல்பாவில். யுரேனியம்-238க்கு க்யூ மதிப்பு 4.27 எம்இவி, அரை ஆயுட்காலம் சுமார் 450 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212க்கு 8.95 எம்இவி, ஆற்றல் இரண்டு மடங்குதான் கூட, அரை ஆயுட்காலமோ ஒரு மைக்ரோ நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆல்பா துகள் அணுக்கருவைச் சுற்றியிருக்கும் மின்விலக்கச் சுவரை ஏறித் தாண்டுவதில்லை, குவாண்டம் விதிப்படி ஊடுருவி வருகிறது, ஆற்றல் கொஞ்சம் குறைந்தாலும் கடக்க வேண்டிய சுவர் தடித்துவிடும் என்று ஜார்ஜ் காமோ 1928இல் விளக்கினார். பீட்டா சிதைவில் நிலைமை இன்னும் குழப்பம், சுழற்சி எல்லாம் உள்ளே நுழையும், ஒரே அளவு ஆற்றலுக்கு ஆயுள் கோடிக்கணக்கான மடங்கு மாறலாம். அதற்குள் இப்போதைக்குப் போக வேண்டாம்.

இந்தச் சுவர் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பிஸ்மத்-209க்கு வாருங்கள். நிறை 208.980399. தாலியம்-205 (204.974427), ஹீலியம்-4, இரண்டும் சேர்ந்தால் 208.977030. இடப்பக்கம் 0.003369 கனம், 3.14 எம்இவி. வழி திறந்தே இருக்கிறது. ஆனாலும் பல பத்தாண்டுகளாகப் புத்தகங்களில் நிலையான அணுக்கருக்களில் மிகக் கனமானது என்ற இடம் பிஸ்மத்துக்கே இருந்தது, சிதைந்து யாரும் பார்க்காததால். கடைசியில் 2003இல் பிரான்சில் ஒரு குழு அந்த ஆல்பாவைப் பிடித்தது. அரை ஆயுட்காலம் சுமார் 2 பெருக்கல் 10இன் 19 அடுக்கு ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல்.

பிஸ்மத் இறங்கிய பிறகு அந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் ஆரம்பத்தில் பார்த்த காரீயம்-208. அதன் நிறை 207.976652. பாதரசம்-204 (203.973494), ஹீலியம்-4, கூட்டிப் பாருங்கள்: 207.976097. இங்கேயும் இடப்பக்கம்தான் கனம், 0.52 எம்இவி.